கூண்டிலிருந்து கூடத்துக்கு

"நல்ல நாய்ங்க. வந்து மூணு நாளாச்சு, ஒரு சத்தம் இல்ல."

காப்பகத்திலிருந்து நாயைத் தத்தெடுத்த வீடுகளில் முதல் வாரம் கேட்கும் பேச்சு இது. ஜொகூர் பாருவின் ஏதோ ஒரு தாமானில், இரும்புக் கேட்டு போட்ட வரிசை வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். கார் நிறுத்தும் இடத்தின் மூலையில், செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே பழுப்பு நிற நாய் ஒன்று சுருண்டு கிடக்கிறது. வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கிறது. கூப்பிட்டால் காது மட்டும் அசைகிறது. பிள்ளைகள் தலையைத் தடவினால் உறைந்துபோய் நிற்கிறது. சாதுவான நாய் என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது.

மூன்றாம் வாரம் அதே நாய் சாப்பாடு கொண்டு வரும் பையனைப் பார்த்துக் கேட்டின் மேல் பாய்கிறது. சோபாவின் மூலையைக் கடித்துப் பஞ்சை வெளியே இழுத்துப் போடுகிறது. "ஏமாத்திட்டாங்க" என்று காப்பகத்துக்குத் தொலைபேசி போகிறது.

ஏமாற்றியவர் யாருமில்லை. முதல் வாரம் அந்த வீடு பார்த்தது நாயின் குணத்தை அல்ல, பயத்தில் ஊறிய ஓர் உடம்பை.

நாய்க்கும் நமக்கும் சிறுநீரகத்தை ஒட்டி அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து என்று மூளை கணித்தால், சில நிமிடங்களில் அங்கிருந்து கார்டிசால் சுரந்து இரத்தத்தில் கலக்கும். உடனே உடம்பு தன் சர்க்கரைக் கையிருப்பை எடுத்து ஓடவும் எதிர்க்கவும் ஆயத்தமாகிறது. செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் ஒத்திப்போடப்படுகின்றன. புது வீட்டுக்கு வந்த நாய் முதல் நாள் தட்டை முகர்ந்துகூடப் பார்க்காததும், சாப்பிட்ட கொஞ்சமும் வயிற்றுப்போக்காகப் போவதும் இதனால்தான். ஓட வழியில்லாத, எதிர்க்கத் துணிவில்லாத நாய்க்கு மிஞ்சியிருப்பது உறைந்து போவது ஒன்றே. அதைத்தான் சாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தப் பயத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹென்னசியும் சகாக்களும் காப்பக நாய்களின் இரத்தத்தை ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்து முதல் மூன்று நாளுக்குள் இருந்த நாய்களின் கார்டிசால், வீட்டில் வளரும் நாய்களைவிட மிக அதிகம். ஒன்பது நாளைத் தாண்டிய நாய்களுக்கோ அது இறங்கியிருந்தது. உடம்பு எந்தச் சூழலுக்கும் மெல்ல மெல்லப் பழகுகிறது. ஆனால் பழகி முடித்த நாயை இன்னொரு புது இடத்துக்குக் கொண்டுபோனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நமக்கு அது மகிழ்ச்சியான தத்தெடுப்பு நாள். நாய்க்கோ, நேற்றுவரை தெரிந்திருந்த மணங்கள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போன நாள்.

மணம் என்பது சாதாரண விஷயம் அல்ல. நாயின் மூக்கில் முகர்வு ஏற்பிகள் 30 கோடி வரை இருக்கின்றன. மனிதருக்கு அறுபது இலட்சம் அளவில். புது வீட்டின் துணிச்சோப்பு, சாம்பிராணி, தாளிப்பு, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாம் ஒரே நேரத்தில் அந்த மூக்குக்குள் நுழைகின்றன. காப்பகத்தில் நாய் படுத்த ஒரு கிழிந்த துணியைக் கேட்டு வாங்கிவந்து அதன் படுக்கையில் போடுவது இதனால்தான் பலன் தருகிறது. தெரிந்த மணம் ஒன்றாவது மிச்சமிருக்கும்.

காப்பகங்கள் மோசமான இடங்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஜொகூர் பாருவில் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. மாநிலமெங்கும் தனி மனிதர்கள் கைக்காசைப் போட்டு நடத்தும் சிறு காப்பகங்களும் உண்டு. சிங்கப்பூரில் ரேமண்ட் வீ தொடங்கிய 'நோவாவின் பேழை' அமைப்பு, பிறகு ஜொகூர் மண்ணில் பெரிய நிலப்பரப்பு எடுத்து, நூற்றுக்கணக்கான நாய்களைக் கூண்டில் அடைக்காமல் திறந்தவெளியில் வளர்த்தது. அதன் முழு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நானாஸ்' என்று வரும். மலாயில் அன்னாசி. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளையும் மாநிலத்துக்கு வந்த காப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

இருந்தாலும், இடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நாய்கள் கூடிய இடத்தில் இரைச்சல் இருக்கும். ஒன்று குரைத்தால் நூறும் குரைக்கும். நாய்க் கொட்டகைகளில் ஒலியை அளந்தவர்கள் 100 டெசிபலைத் தாண்டிய அளவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிசா கண்டர் குழு இதற்கு ஓர் எளிய மாற்றைச் சோதித்தது. அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களிலிருந்து 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் தன்னார்வலர் வீடுகளில் தூங்கவைத்து, சிறுநீரில் கார்டிசாலைப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, வீட்டில் கழிந்த இரவுகளில் அளவு குறைந்தது. காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது. ஆனால் புறப்பட்ட நாளில் இருந்ததைவிடக் கூடவில்லை. ஓரிரு நாள் அழைத்துப்போய்த் திருப்பி விட்டால் நாய் மனமுடைந்து போகும் என்ற பயத்துக்கு இது ஒரு பதில். தத்தெடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் குடும்பம், காப்பகம் சம்மதித்தால், சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பதில் தவறேதும் இல்லை.

பாசம் எப்போது பிடிக்கும்? குட்டியிலிருந்து வளர்த்தால்தான் ஒட்டும், வளர்ந்த நாய் பழைய எஜமானையே நினைத்துக்கொண்டிருக்கும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மார்ட்டா காச்சியும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆட்டம் காணச் செய்தது. காப்பகத்திலிருந்த வளர்ந்த நாய்களை ஒரே மனிதர் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம், சந்தித்துக் கொஞ்சினார், விளையாடினார். பிறகு நாயைப் புதிய அறை ஒன்றில் விட்டு, இவரையும் முன்பின் தெரியாத இன்னொருவரையும் மாறி மாறி உள்ளே அனுப்பினார்கள். அம்மாவிடம் குழந்தைக்குள்ள ஒட்டுதலை அளக்க உளவியலாளர்கள் வைக்கும் அதே சோதனைதான். அந்த அரைமணி நேரப் பழக்கத்திலேயே நாய்கள் அவரை வேறாக நடத்தின. அவர் வெளியே போனபோது கதவருகே நின்றன, திரும்பி வந்ததும் ஓடிப்போய் உரசின. மனிதத் தொடர்பு குறைந்த நாய்க்கு ஒட்டிக்கொள்ளும் திறன் அழிந்துவிடுவதில்லை. அது ஆளுக்காகக் காத்திருக்கிறது.

ஆனால் அந்தப் பாசத்தை அவசரப்படுத்தக்கூடாது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் மிஹோ நாகசாவா, தாகெஃபுமி கிகுசுய் ஆகியோர் 2015இல் காட்டிய ஒன்று உலகெங்கும் செய்தியானது. நாயும் அதன் சொந்தக்காரரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால், தாய் சேய் பிணைப்போடு சேர்த்துப் பேசப்படும் ஆக்சிடோசின் இருவருக்குமே கூடியது. கையில் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. செய்தியைப் படித்தவர்கள் பலர் புது நாயின் முகத்தை இரு கையால் பிடித்து உற்றுப் பார்க்கத் தொடங்கினால் அது விபரீதம். ஏற்கெனவே நெருங்கிய சோடிகளில் நடந்தது அது. அறிமுகமில்லாத நாய்க்கு நேர்ப்பார்வை என்பது மிரட்டல். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், உதட்டை நக்குவதும், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பதும் "கொஞ்சம் விடுங்கள்" என்று அது கெஞ்சும் விதங்கள். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, கையில் ஒரு துண்டுக் கோழியோடு பேசாமல் பேப்பர் படிக்கும் தாத்தா, கூடி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆறு பேரைவிடச் சீக்கிரம் நாயின் நம்பிக்கையைப் பெறுவார்.

காப்பகக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். மூன்று நாளில் திகைப்பு தெளியும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். இது அனுபவக் கணக்கு. எல்லா நாய்க்கும் பொருந்தும் விதி அல்ல. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தத்தெடுக்கப்பட்ட 99 நாய்களை 7, 30, 90, 180ஆம் நாள்களில் தொடர்ந்து கவனித்து 2023இல் எழுதினார்கள். நாள் போகப் போகச் சில குணங்கள் மட்டுப்பட்டன: தனியே விட்டால் தவிப்பதும், ஆள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிவதும் குறைந்தன. வேறு சில கூடின: அந்நியரைக் கண்டால் சீறுவது, எதையாவது துரத்துவது, துள்ளல். அப்படியும் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் தங்கள் நாயின் நடத்தை நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள்.

முதலில் பார்த்த அந்த வீட்டின் மூன்றாம் வார அதிர்ச்சிக்கு விளக்கம் இங்கே இருக்கிறது. கேட்டின் மேல் பாய்ந்தபோது நாய் கெட்டுப்போகவில்லை. இது என் இடம் என்று அப்போதுதான் அதற்குத் தோன்றியிருக்கிறது.

நாயின் குணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு மலேசியக் காட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்கள் சில 1963இல் அமெரிக்காவின் பார் ஹார்பர் நகரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்துக்குப் போயின. தெலோம் ஆற்றின் பெயரால் அவற்றுக்கு தெலோமியன் என்று பெயர் வந்தது. அந்த ஆய்வகத்தில்தான் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் நாய்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். குட்டி பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம்வரை ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மனிதரைப் பார்த்துப் பழகாத குட்டிக்குப் பிற்பாடு மனிதர் என்றாலே மிரட்சி என்பது அங்கே உறுதியானது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பிறந்து ஐந்தாறு மாதத்தில் பிடிபட்ட கம்பத்து நாய் ஆளைக் கண்டு ஒதுங்கினால், யாரோ அடித்திருக்கிறார்கள் என்று உடனே முடிவு செய்யத் தேவையில்லை. அடிக்காமலே இருந்திருக்கலாம். யாரும் தொடாமலும் இருந்திருக்கலாம்.

இனத்தைப் பார்த்துக் குணம் சொல்வதும் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் தந்த விவரங்களையும் மரபணுக்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நாய்க்கு நாய் நடத்தை மாறுவதில் இனத்தின் பங்கு சராசரியாக 9 விழுக்காடு மட்டுமே. கம்பத்து நாய் கடிக்கும், கோல்டன் ரிட்ரீவர் கொஞ்சும் என்ற கடைத்தெருக் கணிப்பைவிட, காப்பகத்தில் அந்த நாய்க்குத் தினமும் சோறு வைப்பவர் சொல்லும் இரண்டு வார்த்தை மேல்.

பயம் எவ்வளவு ஆழத்தில் உட்காரும் என்பதற்கு அறிவியலில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது இவான் பாவ்லோவின் ஆய்வக நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டன. தண்ணீர் கழுத்துக்கு ஏறியபின் நீந்தவைத்துக் காப்பாற்றினார்கள். உயிர் பிழைத்த சில நாய்கள் அதுவரை கற்ற பழக்கங்களை மறந்துவிட்டிருந்தன. வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து அவை தேறிய பிறகு, ஆய்வகத்தில் ஒரு நாயின் அறைக் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். நாய் பழையபடி நிலைகுலைந்தது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கும், 2023 மார்ச்சில் பத்து பகாட் வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கும் இந்தக் கதை புரியும். மழை இரைந்தால் மேசைக்கடியில் புகும் நாய்க்குக் காரணம் இருக்கும்; அது என்னவென்று நமக்குத் தெரியாமல் போகலாம்.

பட்டாசும் அப்படியே. நமக்கு 20,000 ஹெர்ட்ஸுடன் முடியும் கேள்வித்திறன் நாய்க்கு 45,000 வரை நீள்கிறது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று ஜொகூரின் நாட்காட்டியில் வெடிச்சத்தத்துக்குப் பஞ்சமில்லை. புது நாயைத் தீபாவளிக்கு முந்தின வாரம் அழைத்து வருவது அதற்கு வைக்கும் கடும் சோதனை. வந்துவிட்ட நாய்க்கு அன்றிரவு உள் அறை, சாத்திய சன்னல், ஓடும் விசிறி, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பயந்த நாயை அணைத்தால் பயம் கூடும் என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். பயம் கூலி கொடுத்து வளர்க்கும் பழக்கம் அல்ல, அது ஓர் உணர்ச்சி.

அடித்துத் திருத்துவது பற்றியும் தெளிவான விடை வந்துவிட்டது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் பயிற்சிப் பள்ளிகளில் படித்த 92 நாய்களை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், அதட்டலும் கழுத்துச் சுண்டலும் கொண்டு பயின்ற நாய்களிடம் பதற்ற அறிகுறிகளும் கார்டிசாலும் கூடுதல். பரிசு கொடுத்துப் பயிற்றிய பள்ளிகளின் நாய்கள் நிதானமாக இருந்தன. வீட்டுக்குள் சிறுநீர் கழித்த நாயின் மூக்கை அதில் தேய்ப்பவர் அதற்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றே: இவர் முன்னால் கழிக்கக் கூடாது. அடுத்த முறை அது படுக்கைக்குப் பின்னால் போகும். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் புல்தரைக்கு அழைத்துப்போய், வேலை முடிந்த அதே நொடியில் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தால் காரியம் சீக்கிரம் முடியும்.

ஜொகூர் பாருக் குடும்பங்களுக்கென்றே உள்ள சிக்கல் நேரம். 1924இல் திறந்த, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் நான்கு மணிக்கே கிளம்பி இரவில் திரும்புகிறார்கள். புருஷன் மனைவி இருவரும் அப்படியென்றால், வீட்டில் பாட்டியும் இல்லையென்றால், நாய்க்குப் பதினைந்து மணி நேரத் தனிமை. எவ்வளவு ஆசையிருந்தாலும் அந்த வீடு நாய்க்கு ஏற்ற வீடல்ல. வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால்கூடத் தனிமையைச் சிறுகச் சிறுகத்தான் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிடம் கேட்டுக்கு வெளியே நின்று திரும்பி வருவது, பிறகு ஐந்து, பிறகு கடைக்குப் போய் வரும் நேரம். இன்னொன்றும் உண்டு: சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் வளர்ப்பவர்களின் முடியையும் சோதித்து 2019இல் சொன்னார்கள், மாதக்கணக்கில் சேர்ந்த கார்டிசால் இரு தரப்பிலும் ஒத்து ஏறி இறங்குகிறது என்று. வரிசையில் நின்று அலுத்து வருபவரின் சிடுசிடுப்பு வாசற்படியோடு நிற்பதில்லை.

அடுப்படியிலும் கவனம் வேண்டும். மிஞ்சிய கறிக்குழம்பில் பிசைந்த சோறு நம் வீட்டு நாய்களின் பரம்பரைச் சாப்பாடு. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். முதல் வாரம் காப்பகத்தில் கொடுத்த தீனியையே கொடுத்து, அடுத்த வாரம் சிறிது சிறிதாக மாற்றினால் வயிறு தாங்கும். வெப்ப மண்டலத்துக்கே உரிய எதிரிகள் இரண்டு: உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா காய்ச்சல், கொசு வழியாக வரும் இதயப்புழு. இரண்டையும் இரத்தச் சோதனையில் கண்டறியலாம். தடுப்பூசி, கருத்தடை, உள்ளாட்சி மன்ற உரிமம் மூன்றும் கையோடு முடிக்க வேண்டியவை. கழுத்தில் உரிமப் பட்டயம் இல்லாமல் தெருவில் நடக்கும் நாய் மன்றத்தின் கண்ணுக்குத் தெருநாய்தான். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது; வதைத்தால் 20,000 ரிங்கிட் முதல் ஒரு இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அக்கம்பக்கத்தையும் மறந்துவிட முடியாது. வரிசை வீட்டில் சுவர் பொதுச்சுவர். பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால், நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழுமுறை, அதில் ஒருமுறை மண்கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும் என்பது தெரிந்திருப்பது நல்லது. கேட்டின் கீழ்ப் பகுதியில் ஒரு தகரத் தடுப்பு அடித்துவிட்டால் நாயின் மூக்கு வெளியே நீளாது. தெருவில் போவது வருவதெல்லாம் கண்ணில் படாததால் குரைப்பும் குறையும்.

அழைத்து வர ஏற்ற நாள் எது என்று கேட்பவர்களுக்கு ஜொகூரில் இப்போது எளிய பதில் இருக்கிறது. 2014 முதல் வெள்ளி, சனியாக இருந்த மாநில வார விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருக்கும் இனி ஒரே விடுமுறை. வெள்ளி மாலை நாயைக் கூட்டி வாருங்கள். திங்கட்கிழமைக்கும் ஒரு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த மூன்று நாளும் விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்டல் வேண்டாம், படமெடுத்து அனுப்புவதும் வேண்டாம். ஒரு மூலை, ஒரு கிண்ணம் தண்ணீர், பழைய துணி ஒன்று, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், இவ்வளவே போதும்.